தொட்டுப்பார் அக்காவின் மூன்றாவது குப்பி

பூட்டிய கதவை இழுத்துப் பார்க்காமல் அந்த அக்கா தெருவில் இறங்கி நான் பார்த்ததில்லை. ஒரு தடவை இழுப்பார். பத்தடி நடப்பார். நின்று யோசிப்பார். திரும்பிப் போய் இன்னொரு தடவை இழுப்பார். இழுத்து இழுத்தே அவர் வீட்டுத் தாழ்ப்பாள் இரண்டு முறை கழன்று விழுந்திருக்கிறது. இரண்டு முறையும் திருகாணி முடுக்கிக் கொடுத்தவன் நான்தான். "அக்கா, திருடன்கூட இவ்வளவு இழுக்க மாட்டான்" என்றேன். "அவனுக்கு என்ன, உள்ள இருக்கிறது அவன் சாமானா?" என்றார். இந்த மாதிரி ஆளிடம் என்னத்தைப் பேசுவது!

நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்ப்பது ஓர் ஆய்வுக்கூடத்தில். நான் மெக்கானிக். குளிர்ப்பெட்டி, செல்களை இளஞ்சூட்டில் வைக்கும் இன்குபேட்டர் பெட்டி, மைக்ரோஸ்கோப் விளக்கு, ஒழுகுகிற குழாய், எது கெட்டாலும் என் தலைதான் உருளும். அக்கா செல் வளர்ப்பவர். எதையும் இரண்டு தடவை தொட்டுப் பார்க்காமல் விடமாட்டார் என்பதால் தொட்டுப்பார் அக்கா என்று நான்தான் பெயர் வைத்தேன். அவருக்கும் தெரியும். கோபப்பட்டதில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கண்ணாடி கழுவத்தான் வந்தார். நகத்தளவு கண்ணாடிச் சில்லுகளை அமிலத்தில் ஊறப்போட்டு, பதினெட்டுத் தண்ணீர் அலசி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடுக்க வேண்டும். மற்றவர்கள் பத்துத் தண்ணீரோடு கையைத் துடைத்துக்கொள்வார்கள். அக்கா பதினெட்டும் அலசி முடித்து, எண்ணிக்கை தப்பியிருக்குமோ என்று சந்தேகம் வந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவர் கழுவிய கண்ணாடியில்தான் செல்கள் ஒழுங்காக உட்கார்ந்தன. வெறும் கண்ணாடியில் நரம்புச் செல் உட்காராது, ஒட்டும் புரதம் ஒன்றை மெல்லியதாகப் பூச வேண்டும். அந்தப் பூச்சு வேலை அவர் கைக்கு வந்தது. பிறகு உறையவைத்த செல்லை உருக்குவது, அந்தச் சில்லு போட்ட சின்ன வட்டில் அதைப் பரப்பி விதைப்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. காகிதத்தில் இன்னும் உதவியாளர்தான். ஆனால் எங்கள் மேடம், பெயருக்குப் பின்னால் ஒரு முழம் பட்டம் போட்டிருப்பவர், விதைக்கிற நாளில் அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் வேலையையே தள்ளிப்போட்டுவிடுவார்.

அவருடைய வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். தாழ்ப்பாள் மாட்டப் போன நாளில் என்னிடம் புலம்பித் தீர்த்தார். "பையன் கைக்குழந்தையா இருந்தப்போ அவனைத் தூங்கவே விடமாட்டா தம்பி. மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட விரலை வெப்பா. அவன் முழிச்சுக்கிட்டு வீல்னு கத்துவான். உடனே, 'ஐயோ, பிள்ளை தூங்கவே மாட்டேங்குதே'ன்னு இவ அழுவா. ரெண்டு பேரையும் சமாதானப்படுத்திட்டு நான் வண்டி எடுக்கப் போகணும்." பையன் இப்போது ஆறடி வளர்ந்து வேறு ஊரில் வேலை பார்க்கிறான். அக்கா தினமும் போன் பண்ணி, கிட்டத்தட்ட மூச்சு விடுகிறானா என்றுதான் கேட்கிறார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சிவப்புச் செருப்புப் பாப்பா வருகிற வரைக்கும்.

அந்தப் பாப்பாவுக்கு ஆறு வயது. பக்கத்து மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்தவள். வலது பாதம் தூக்க வராது, தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். நாலு எட்டு வைப்பதற்குள் அந்தக் காலின் சிவப்புச் செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அவள் அம்மா குனிந்து எடுத்து மாட்டுவாள். மறுபடி நாலு எட்டு. கணுக்கால் பக்கத்திலிருந்து நூல் அளவு நரம்பை வெட்டி எடுத்து எங்களுக்கு அனுப்பினார்கள். அதை வாங்கிவர ஐஸ் பெட்டியோடு போனவர் அக்கா. மயக்கம் தெளிந்த குழந்தை வெளியே நின்ற அக்காவைப் பார்த்து, "இன்னொரு தடவை வெட்டுவீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "இல்ல கண்ணு, இதோட சரி" என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். டாக்டரைக் கேட்கவில்லை, மேடத்தைக் கேட்கவில்லை. கொடுத்தாயிற்று!

விஷயத்தை எனக்கு மேடம் விளக்கிய மாதிரியே சொல்கிறேன். நரம்புச் செல்லிலிருந்து நீளமாக ஓர் இழை ஓடுகிறது. அதைச் சுற்றி உறைபோலப் பிடித்துக்கொண்டிருப்பவை கிளியா செல்கள். அந்த உறை இருந்தால்தான் செய்தி வேகமாகக் கால் விரல் வரைக்கும் போய்ச் சேரும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்திருப்பது ஒட்டு மூலக்கூறுகளால். இழையின் மேலும் அவை இருக்கின்றன, உறையின் மேலும் இருக்கின்றன, கைக்குக் கை கோத்த மாதிரி. பாப்பாவுக்கு அந்தப் பிடி கழன்றுகொண்டிருந்தது.

ஏன் கழல்கிறது என்பதுதான் கேள்வி. பிறவியிலேயே அந்த மூலக்கூறு கோணலாக இருந்தால் மருந்து கிடையாது. ஆயுசுக்கும் காலில் பட்டை கட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். மூலக்கூறு நன்றாக இருந்து, அவள் ரத்தத்தில் ஓடும் ஏதோ ஒன்று போய் அந்தப் பிடியை விலக்குகிறது என்றால், அதற்கு மருந்து உண்டு. ஆனால் முரட்டு மருந்து. காரணம் தெரியாமல் ஆறு வயதுக் குழந்தைக்கு அதைக் கொடுக்க டாக்டருக்கு மனசில்லை. ரத்தப் பரிசோதனை இரண்டு பக்கமும் பேசியது. அதனால் பாப்பாவின் கிளியா செல்களை, அவள் ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லாத வட்டில், நல்ல நரம்பு இழைகளோடு சேர்த்து வளர்த்துப் பார்ப்பது என்று முடிவானது. ஒட்டினால் மருந்து உண்டு. ஒட்டாவிட்டால் இல்லை. அக்கா அந்த நூல் நரம்பிலிருந்து செல்களை வளர்த்து, மூன்றே மூன்று குப்பிகளில் உறையவைத்தார்.

முதல் குப்பியை விதைத்தார். மூன்றாம் நாள் பார்த்தால் பாதிக்கு மேல் மிதந்தன. பக்கத்து இன்குபேட்டரில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த, நோயில்லாத வேறொரு நல்ல ஆளின் செல்கள் இழையோடு இழையாகப் படிந்து கிடந்தன. இரண்டாவது குப்பி. இந்தத் தடவை முக்கால்வாசி மிதந்தது. அந்த நல்ல ஆளின் செல்கள் மறுபடியும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. அன்றைக்கு அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "பாப்பாவோட அம்மா முகத்தைப் பாக்க முடியல தம்பி" என்றார். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மேடம் என்னைக் கூப்பிட்டார். "மூணாவது குப்பியை எடுக்கிறதுக்கு முன்னாடி இன்குபேட்டர் பெட்டியை ஒரு தடவை செக் பண்ணிடுங்க. பெட்டி நல்லா இருந்து, இதுவும் மிதந்துச்சுன்னா பிறவிக் குறைன்னு எழுதிடுவேன். டாக்டர் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் காத்திருப்பாரு." அன்று திங்கள்.

எங்கள் இன்குபேட்டர்கள் பழைய காலத்து ஆசாமிகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வட்டத்தாள் மெதுவாகச் சுற்றும், அதன் மேல் ஒரு பேனா உள்ளே இருக்கும் சூட்டைக் கோடாக வரைந்துகொண்டே போகும். கதவைத் திறந்தால் சூடு இறங்கும், கோடும் ஒரு பள்ளம் விழுந்து ஏறும். நோயாளியின் செல் ஒரு பெட்டியில், மற்றவை இன்னொரு பெட்டியில் என்பது அங்கே சட்டம், ஒன்றில் பூஞ்சை வந்தால் இன்னொன்று பிழைக்க வேண்டுமே. இரண்டு பெட்டியின் தாள்களையும் உருவி மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். நல்ல ஆளின் பெட்டியில் கோடு வழவழவென்று சுற்றி வந்திருந்தது. பாப்பாவின் பெட்டியில் ரம்பப் பல். முதல் குப்பி விதைத்த அன்று மட்டும் பதினான்கு பள்ளம். இரண்டாவது குப்பிக்கு இருபத்திரண்டு.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெட்டியைத் திறக்கிற ஆள் இந்தக் கட்டடத்தில் ஒருவர்தான்.

தாள்களைச் சுருட்டிக்கொண்டு கழுவும் அறைக்குப் போனேன். அக்கா கண்ணாடிச் சில்லுகளை அலசிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரே நாள்ல இருபத்திரண்டு தடவை பெட்டிக்குள்ள அப்படி என்னத்தைப் பாத்தீங்க?"

அலசின கை நின்றது. "சும்மாதான் தம்பி."

"சும்மாவா? வெறுமனே கதவைத் திறந்து மூடினீங்களா, வட்டை வெளியில எடுத்தீங்களா?"

"எடுக்காம எப்படிப் பாக்குறது? மைக்ரோஸ்கோப்ல வெச்சு நகத்தால மெதுவா ஒரு தட்டு தட்டுவேன். ஒட்டினது ஆடாது, ஒட்டாதது ஆடும். நான்தானே இதை எல்லாருக்கும் காட்டிக்குடுத்தேன்."

"விதைச்ச அன்னைக்கேவா தட்டுவாங்க? மறுநாள் தட்டணும்னு நீங்கதானே சொல்லுவீங்க!"

"ஒரே ஒரு தட்டு. மெதுவா."

"இருபத்திரண்டு ஒரே ஒரு தட்டு!" எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "சரி, அந்த இன்னொரு பெட்டியை எத்தனை தடவை திறந்தீங்க?"

"அதை எதுக்குத் திறக்கணும்? அது நல்லாத்தானே..."

சொல்லி முடிக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுவிட்டார். முகம் அப்படியே வெளுத்துப்போனது. கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடிக் கூடையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். குழாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் மூடினேன்.

"அதுங்களைப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல தம்பி. பாப்பாவோடதைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒட்டிடணுமே, ஒட்டிடணுமேன்னு..." ரப்பர் கையுறையோடவே முகத்தைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, நானே பிச்சுப் போட்டிருக்கேனே!"

அடுத்து நான் செய்ததை மறைக்க விரும்பவில்லை. பத்தொன்பது வருஷத்து வேலை ஒரு நிமிஷத்தில் போய்விடுமே என்று பயந்தேன். "அக்கா, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. கதவு ரப்பர் கெட்டுப்போச்சு, சூடு நிக்கலைன்னு நான் எழுதிக்குடுத்துடறேன். வேற பெட்டியில வெச்சு மூணாவதை விதைங்க. யாருக்கும் நஷ்டமில்ல" என்றேன். பாவம் பெட்டி, பேசவா போகிறது?

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "வேற பெட்டியில வெச்சா நான் திறக்க மாட்டேனா?"

நான் தாள்களை இன்னும் இறுக்கிச் சுருட்டினேன்.

"சத்தியம் பண்ணிட்டுக்கூட திறப்பேன் தம்பி. என்னை எனக்குத் தெரியும்." எழுந்து கையுறையைக் கழற்றினார். தாள்களை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மேடத்தின் அறைக்கு நடந்தார்.  நான் பின்னாலேயே ஓடினேன்.

மேடம் இரண்டு தாளையும் பார்த்தார். ரம்பப் பல்லை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.  பிறகு, "ரிப்போர்ட் பாதி எழுதி வெச்சிருக்கேன்" என்றார்.  "அந்தக் குழந்தைக்கு மருந்தே கிடையாதுன்னு என் கையால எழுதியிருப்பேன். உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது மேடம். என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க."

"அனுப்பிட்டு யாரை வெச்சு விதைக்கிறது? நானா? என் கையில பாதிச் செல் செத்துடும்." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "முதல் நாள் அந்தப் பிடி ரொம்ப லேசா இருக்கும் அக்கா. இங்க ஒரு கை, அங்க ஒரு கைன்னுதான் கோக்கும். அசையாம விட்டா ஒண்ணு பத்தாகும், பத்து நூறாகும். குளிர்ல எடுத்துத் தட்டினா கோத்ததும் விட்டுடும். நல்ல செல்லா இருந்தாலும் அதே கதிதான். இது உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் மேடம். தெரிஞ்சேதான் பண்ணியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அக்கா தேம்பித் தேம்பி அழுதார். மேடம் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் காலை மூன்றாவது குப்பியை உருக்கினார்கள். அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உடம்பெல்லாம் நடுங்கினாலும் விதைக்கிற கை மட்டும் நடுங்கவில்லை. மேடம் இந்தத் தடவை சட்டத்தை மீறினார். பாப்பாவின் வட்டுகளும் நல்ல ஆளின் வட்டுகளும் ஒரே பெட்டியில், ஒரே தட்டில். "இது மிதந்தாலும் ஒட்டினாலும், பெட்டி மேலயோ ஆள் மேலயோ பழி போட இடம் இருக்கக்கூடாது" என்றார். பெட்டிக் கதவுக்குச் சாவி உண்டு. பதினோரு வருஷமாக யாரும் போட்டதில்லை. எண்ணெய் விட்டு, பூட்டி, சாவியை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில்தான் திறப்பு. இதுவும் போனால் நாலாவது குப்பி இல்லை. நரம்பு வேண்டுமென்றால் மறுபடி பாப்பாவின் காலைத்தான் வெட்ட வேண்டும்.

அந்த மூன்று நாளில் அக்கா என் உயிரை வாங்கிவிட்டார். அரை மணிக்கு ஒரு தடவை என் பட்டறை வாசலில் தலை தெரியும். "தம்பி, சாவி பத்திரமா இருக்கா?" "இருக்குக்கா." "பையில ஓட்டை ஏதும் இல்லையே?" "இல்லக்கா." "எனக்கு மட்டும் குடுத்துடாதே, நான் காலைப் பிடிச்சுக் கேட்டாலும் குடுத்துடாதே." "குடுக்க மாட்டேன், போங்கக்கா!" அவர் போனதும் நான் பையைத் தொட்டுப் பார்ப்பேன். ஓட்டை ஒன்றுமில்லை.

புதன்கிழமை மத்தியானம் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. பழைய பூட்டு, கதவு சரியாகப் படிந்து மூடியிருக்குமா? சூடு கசிந்தால்? பெட்டிக்கு வாயு கொடுக்கிற கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தீர்ந்திருந்தால்? முள் சரியாகத்தான் காட்டியது. ஆனால் முள்ளே பொய் சொன்னால்? குழந்தையின் கால் ஒரு ரப்பர் பட்டையில் போய்விடுமே! நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த அறைக்குள் நின்றுகொண்டிருந்தேன், சாவி பூட்டில் நுழைந்துவிட்டது.

"தம்பி, என்ன பண்றே?"

வாசலில் அக்கா. நான் திருதிருவென்று முழித்தேன். "ஒண்ணுமில்லக்கா, சும்மா..."

"சும்மாவா?" என்றார். கிட்டே வந்து, பூட்டிலிருந்து சாவியை உருவினார். கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தார்.  இப்போது இவர் திறந்தால் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பிறகு சட்டென்று திரும்பி, என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், சாவியை மேடத்தின் மேஜையில் வைத்தார். "எங்க ரெண்டு பேர்கிட்டயும் இது இருக்கக் கூடாது மேடம்." மேடம் அதை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். அவர் அந்த இழுப்பறையை எத்தனை தடவை திறந்து பார்த்தார் என்பதை எந்தத் தாளும் எழுதி வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று பேரும் அந்த அறையில். மேடம் பூட்டைத் திறந்தார். வட்டத்தாளில் கோடு ஒரு பள்ளம்கூட இல்லாமல் சுற்றி வந்திருந்தது, அதில் எனக்கு அற்ப சந்தோஷம். முதலில் நல்ல ஆளின் வட்டு. மிதப்பவை போக உப்புக் கரைசலில் இரண்டு தடவை கழுவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். "ஒட்டியிருக்கு" என்றார். அதுதான் எப்போதும் ஒட்டுமே! அடுத்து பாப்பாவின் வட்டு. அதையும் கழுவினார். "அக்கா, வந்து பாருங்க."

"நீங்க பாருங்க மேடம்." அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றார்.

மேடம் குனிந்தார். வட்டை இந்த ஓரம் நகர்த்தினார், அந்த ஓரம் நகர்த்தினார்.  நகத்தால் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. பிறகு கொஞ்சம் ஓங்கியே ஒரு தட்டு.

"ஆடல" என்றார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "ஒண்ணுகூட ஆடல அக்கா. இழையைப் பிடிச்சுக்கிட்டு வரிசையா படுத்திருக்கு."

மற்ற ஐந்து வட்டுகளையும் பார்த்துவிட்டுத்தான் டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டரின் அறையில் பாப்பாவின் அம்மாவும் உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரில் மேடம் நிதானமாகச் சொன்னார். குழந்தையின் செல்லில் குறையில்லை, நல்ல செல் எப்படிப் பிடிக்குமோ அப்படியே பிடித்திருக்கிறது, பிடியை விலக்குவது ரத்தத்தில் இருப்பது. "அப்ப மருந்தை ஆரம்பிச்சுடலாம்" என்றார் டாக்டர்.  பின்னால் எங்கேயோ குழந்தை ஒன்று காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு நடப்பது கேட்டது.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள் அந்த அம்மா. அழுகையில் வார்த்தை சரியாக வரவில்லை. "நிஜமா ஒட்டியிருக்கா? எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுங்களேன்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சுவரை விட்டு வந்து போன் பக்கத்தில் குனிந்தார். கை மட்டும் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

"பாத்தாச்சும்மா" என்றார். "நல்லாப் பிடிச்சிருக்கு. இனிமே நாங்க அதைத் தொடல."